குரல் முதலில், இசை பிறகு
வீட்டுக் கணினியில் பக்திப் பாடல் பதிவு: ஒரு பாடம்



தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே கிளைகளிலிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அண்ணே, நம்ம சமய வகுப்புப் பிள்ளைங்க பாடுறதைப் பதிவு பண்ணி, பின்னணி இசை சேர்த்து, தண்ணீர்ப் பந்தலில் போடணும். ஸ்டூடியோவுக்குக் கொடுக்க காசு இல்லை. வீட்டுக் கணினியிலேயே செய்யலாமா?"

தாராளமாகச் செய்யலாம். ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் சென்னையில் தன் வீட்டுப் பின்புறம் கட்டிய ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-இல் ‘ரோஜா’ பாட்டுகள் வந்தன. அன்றைக்கு ஓர் அறை நிறைய கருவிகள் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்றைக்கு ஒரு பழைய மடிக்கணினி செய்துவிடும். கருவி நமக்கு ஒரு தடையே இல்லை.

பாடத்துக்குள் போகும் முன்னாடி, நாங்கள் தொலைத்த ஒரு பதிவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் சில விஷயங்களில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது அங்கே பால்மரம் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. லயத்து வீடுகளும் இல்லை. அந்தத் தோட்டத்தில் பால் வெட்டிய ஒரு பெரியவர், பிள்ளைகளோடு ஈப்போவுக்கு வந்து மலிவு விலை வீட்டில் குடியிருந்தார். எங்களுக்கு அவர் ‘பஜனைத் தாத்தா’. புரட்டாசி சனிக்கிழமை பஜனையும், மாரியம்மன் திருவிழாவில் காவடிக்கு முன்னால் சிந்து பாடுவதும் தோட்டத்தில் அவர் பொறுப்பாக இருந்ததாம். அவர் பாடிய சிந்துகளில் சில அண்ணாமலை ரெட்டியாருடையவை; சில எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை, அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவை.

2012-இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரிடம் ஏழு பாட்டு பதிவு பண்ணினோம். என் கணினி, ஒரு மைக், நண்பன் ஒருவனின் கீபோர்டு. அவர் குரலைத் தனியாகத்தான் எடுத்தோம், அதுவரை சரி. அப்புறம் இசை சேர்க்க உட்கார்ந்தோம். கீபோர்டில் இருந்த எல்லா சத்தத்தையும் போட்டோம். வயலின் கூட்டம், டிரம்ஸ், நடுவில் இடி முழக்கம் வேறு. பெரிய பாட்டு மாதிரி இருக்கிறது என்று எங்களுக்கு ஒரே பூரிப்பு. தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினோம். கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குய்யா. ஆமா, நான் எங்க?" என்றார்.

சிரித்தோம். "குறைச்சிடலாம் தாத்தா, அடுத்த வாரம்" என்றோம். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கணினி மெதுவாக ஓடுகிறது என்று ஃபார்மட் பண்ணக் கொடுத்தேன். அதற்கு முன்னால் பாட்டுக் கோப்புகளை பென்டிரைவில் பத்திரமாகத்தான் எடுத்து வைத்தேன், அல்லது அப்படி நினைத்தேன். அந்தக் காலத்து ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு பாட்டைச் சேமித்தால் சின்னதாக ஒரு கோப்பும், பக்கத்திலேயே ‘டேட்டா’ என்று முடியும் ஒரு கோப்புறையும் உருவாகும். சத்தம் முழுக்க அந்தக் கோப்புறைக்குள்ளேதான் இருக்கும். சின்னக் கோப்பு வெறும் அட்டவணை. நான் சின்னக் கோப்பை மட்டும் எடுத்திருக்கிறேன். ஏழு பாட்டின் குரலும் சேர்ந்து சுமார் 300 எம்பி இருந்திருக்கும். பென்டிரைவில் இடம் தாராளமாக இருந்தது.

மறு வருஷம் தாத்தா போய்விட்டார். எங்களிடம் மிஞ்சியது அந்த இடி முழக்க எம்பி3-கள் ஏழும்தான்.

இப்போது பாடம்.

இடமும் நேரமும்

பதிவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அறைதான், மைக் அதற்கு அப்புறம். தாமான் வீடுகளில் சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை. கை தட்டிப் பாருங்க, ‘டங்’ என்று திரும்பி வரும். அந்த எதிரொலி குரலோடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்கவே முடியாது. எதிரொலி வேண்டும் என்றால் கடைசியில் கணினியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். ஒட்டியதை எடுப்பதுதான் பெரும்பாடு. ஆகவே படுக்கையறையைத் தேர்ந்தெடுங்க. மெத்தை, திரைச்சீலை, துணி நிறைந்த அலமாரி எல்லாம் எதிரொலியைக் குடித்துவிடும். பாடுபவருக்குப் பின்னால் ஒரு கயிறு கட்டி, கனமான கம்பளியை மடித்துத் தொங்கவிடுங்க. சேலையைத் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். மெல்லிய துணியால் பெரிய பலன் இல்லை, தடிப்பாக இருக்க வேண்டும்.

அடுத்து இரைச்சல். காற்றாடியை நிறுத்துங்க. புழுங்கும்தான், பாட்டுக்குப் பாட்டு இடைவெளி விட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஐஸ்பெட்டி பக்கத்து அறையில் இருந்தால் அதன் உறுமலும் மைக்கில் ஏறும். மடிக்கணினியின் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்க. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அது வயர் வழியாகக் கசிந்தால் குரலுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு கீழ்ச்சுருதி ஓடிக்கொண்டே இருக்கும்.

நேரம் முக்கியம். ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது. தகரக் கூரையாக இருந்தால் மழை வந்த நிமிஷமே வேலை முடிந்தது. இரவு பத்துக்கு மேல், அல்லது விடியற்காலை. பெரியவர்களுக்கு விடியற்காலைதான் ஒத்துவரும். பெரட்டுக்கு எழுந்து பழகியவர்கள், ஐந்து மணிக்கே குரல் தெளிவாகத் தயாராக இருப்பார்கள். தூக்கம் கலையாமல் கொட்டாவி விடுவது நாமாகத்தான் இருப்போம்.

மைக்

யுஎஸ்பி மைக் ஒன்று இருந்தால் நல்லது. கோயிலில் பயன்படுத்தும் சாதாரண கை மைக்கும் போதும், ஆனால் அதைக் கணினியில் இணைக்க ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். இரண்டும் இல்லையா? கைத்தொலைபேசியிலேயே பதிவு பண்ணி கணினிக்கு மாற்றுங்க. நல்ல அறையில் எடுத்த கைத்தொலைபேசிப் பதிவு, எதிரொலிக்கும் கூடத்தில் விலை உயர்ந்த மைக்கில் எடுத்த பதிவைவிட மேல்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம். நேர் எதிரே வேண்டாம், சற்றுப் பக்கவாட்டில் வைங்க. ‘பழனி’, ‘பாலன்’ என்று பகரம் வரும் இடத்தில் காற்று போய் மைக்கில் ‘டப்’ என்று மோதும். சட்டை மாட்டும் கம்பியை வட்டமாக வளைத்து, அதன்மேல் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி, மைக்குக்கு முன்னால் நாலு விரல் தள்ளி நிறுத்தினால் அந்த மோதல் அடங்கிவிடும்.

சத்த அளவு பற்றி ஒன்றை மனசில் பதிய வைங்க. கணினியில் 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் போன சத்தம் வெட்டுப்பட்டுவிடும், திரும்ப வராது. பக்திப் பாட்டில் ஆபத்தான இடம் உச்சஸ்தாயியில் "முருகா!" என்று கூப்பிடும் இடம்தான். சோதனைக்கு அந்த அடியையே முதலில் பாடச் சொல்லுங்க. மீட்டர் −12-க்கும் −6-க்கும் நடுவில் நின்றால் போதும். மெதுவாகக் கேட்கிறதே என்று கவலைப்படாதீங்க, பிறகு உயர்த்திக்கொள்ளலாம். உறுமி மேளம் பதிவு பண்ணப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். வெளியில், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி மைக்கை வைத்து, உள்வாங்கும் அளவை நன்றாகக் குறைத்து எடுங்க. கைத்தொலைபேசி தானாகவே அளவைக் கூட்டிக் குறைத்து உறுமியைச் சப்பென்று ஆக்கிவிடும். கல்லுமலைக் கோயில் காவடி ஊர்வலத்தில் நாம் எடுத்துவந்த காணொளிகளில் மேளம் தகர டப்பா மாதிரி கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதிவு அமைப்பில் 44,100 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்று வைத்துக்கொள்ளுங்க. ஒரு குரலுக்கு ஸ்டீரியோ வேண்டாம். பாட ஆரம்பிப்பதற்கு முன்னால் ஐந்து விநாடி எல்லோரும் மூச்சுக் காட்டாமல் இருங்க. அந்த வெற்று ஐந்து விநாடி எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

யாருடைய சுருதி?

நம் இளைஞர்கள் பெரும்பாலும் தவறு செய்யும் இடம் இதுதான், ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? பிரபலமான ஒரு முருகன் பாட்டின் கரோக்கேயை இறக்குகிறோம். அது ஆண் பாடகர் பாடியது, 1½ கட்டை என்று வைத்துக்கொள்வோம். நம்ம சமய வகுப்புப் பெண் பிள்ளையைப் பாடச் சொல்கிறோம். அவளுக்கு இயல்பான சுருதி 5½ கட்டை. கீழே பாடினால் குரல் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். மேலே பாடினால் கத்தல் ஆகிவிடும். பிள்ளைக்குப் பாட வரவில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பாட வரும், சுருதிதான் அவளுடையது இல்லை.

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஹார்மோனியத்தில் ‘சி’ வெள்ளைக் கட்டை 1, ‘டி’ 2, ‘இ’ 3, ‘எஃப்’ 4, ‘ஜி’ 5, ‘ஏ’ 6, ‘பி’ 7. இடையில் இருக்கும் கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டைக்கு (கறுப்பும் சேர்த்து) ஓர் அரைச்சுரம். ஆண்கள் பலருக்கும் 1-இலிருந்து 2 வரையிலும், பெண்களுக்கு 4½-இலிருந்து 6 வரையிலும் ஒத்துவரும். ஆனால் இது பொது வழக்குதான். ஒவ்வொருவரையும் பாட வைத்து, பாட்டின் ஆக உயரமான இடமும் ஆகத் தாழ்ந்த இடமும் சிரமமில்லாமல் வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

"ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் பிட்ச்’ இருக்கே அண்ணே, இசையை மாற்றிக்கலாமே?" என்று கேட்பீர்கள். மாற்றலாம். வேகம் மாறாமல் சுருதி மட்டும் மாறும். 1½-இலிருந்து 5½-க்கு வர ஏழு அரைச்சுரம் ஏற்றணும், அல்லது ஐந்து இறக்கணும். ஏழு ஏற்றினால் புல்லாங்குழல் ஊதல் பொம்மை ஆகிவிடும். ஐந்து இறக்கினால் தபேலா பீப்பாய் ஆகிவிடும். இரண்டு, மிஞ்சினால் மூன்று அரைச்சுரம் வரைதான் காது பொறுத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தக் கரோக்கே யாரோ ஒருவருடைய உழைப்பு. தேவாரம் பொதுச் சொத்து. ஆனால் அதை ஒருவர் பாடிய ஒலிப்பதிவுக்கும், ஒருவர் அமைத்த இசைக்கும் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி உரிமை உண்டு. வீட்டில் பாடிப் பழகுவது வேறு, வட்டு போட்டு விற்பதும் இணையத்தில் ஏற்றுவதும் வேறு.

ஆகவே என் யோசனை: பாடுபவரின் சுருதியை முதலில் கண்டுபிடிங்க. அந்தக் கட்டையில் சுருதிப் பெட்டியோ, கைத்தொலைபேசியில் கிடைக்கும் தம்பூரா செயலியோ ஓடட்டும். அதை மட்டும் காதில் கேட்டுக்கொண்டு பாடட்டும். குரல் முழுசாகப் பதிவான பிறகு, வாத்தியம் வாசிப்பவர் அந்தக் குரலைக் கேட்டு, அதன் பின்னாலேயே போகட்டும்.

இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். சினிமாவில் இசையை முதலில் எடுத்துவிட்டுத்தானே பாடகரைக் கூப்பிடுகிறார்கள்? அங்கே தாளம் இம்மியும் மாறாது, அதனால் சரி. ஆனால் விருத்தத்துக்குத் தாளமே கிடையாது. பாடுபவர் மூச்சுதான் கணக்கு. காவடிச்சிந்தோ ஆரம்பத்தில் நடையாக இருந்து, முடிவில் ஓட்டமாகிவிடும். காவடி எடுத்தவர் கால் வேகத்துக்கு ஏற்றபடி பாடிப் பழகிய பெரியவர்களைக் கீபோர்டின் தானியங்கித் தாளத்தில் கட்டிப் போட்டால், பாட்டின் உயிரே போய்விடும். எங்கள் தாத்தாவுக்கு நாங்கள் செய்தது அதுதான். மூன்றாவது பாட்டில் அவர் வேகம் பிடிக்கும் இடத்தில் எங்கள் டிரம்ஸ் பின்தங்குகிறது. அதை மறைக்கத்தான் இடி முழக்கத்தைப் போட்டோம்.

குழுவாகப் பாடும் பஜனைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. முன்பாட்டுக்காரருக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் நடுவில் இருக்கும் கொடுக்கல் வாங்கல், தனித்தனியாக எடுத்தால் வராது. அவர்களை ஒரே அறையில் உட்கார வைத்து, முன்பாட்டுக்காரருக்குத் தனி மைக் கொடுத்து, ஒரே மூச்சில் எடுத்துவிடுங்க. ஜால்ராக்காரரை மட்டும் கதவோரம் அனுப்பிவிடுங்க. ஜால்ரா சத்தம் எல்லாக் குரலையும் கிழித்துக்கொண்டு வரும்.

காதில் கேட்பதும் பின்தங்குவதும்

சுருதியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டால் அதுவும் மைக்கில் ஏறிவிடும். ஹெட்ஃபோன் கட்டாயம், அதுவும் வயர் உள்ளது. புளூடூத் வேண்டாம், அதில் சத்தம் காதுக்கு வந்து சேரவே நேரமாகும், பாடுபவர் தடுமாறிவிடுவார். பெரியவர்களுக்கு இரண்டு காதையும் மூடினால் தங்கள் குரலே தங்களுக்கு அந்நியமாகிவிடும். ஒரு காதைத் திறந்துவிடச் சொல்லுங்க.

வாத்தியத்தை அடுத்த தடத்தில் எடுக்கும்போது, முதல் தடம் காதில் ஓட, இரண்டாவது பதிவாகும். கேட்கும்போது சரியாக இருக்கும். முடித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால் தபேலா சற்றே பின்தங்கி விழும். வாசித்தவர் மேல் தவறில்லை. சத்தம் கணினிக்குள் போய் வர எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஆடாசிட்டி இதற்காகத் தானாகவே 130 மில்லிவிநாடி முன்னே இழுத்து வைக்கும், ஆனால் உங்க கணினிக்கு அந்தக் கணக்கு பொருந்தாமல் இருக்கலாம். சோதிக்க எளிய வழி: ‘ரிதம் டிராக்’ என்பதில் ‘டிக் டிக்’ சத்தம் ஒன்றை உண்டாக்குங்க. ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டி வைத்து, அதை இன்னொரு தடத்தில் பதியுங்க. இரண்டு தடத்தையும் பெரிதாக்கிப் பார்த்தால் எவ்வளவு இடைவெளி என்று கண்ணுக்கே தெரியும். அமைப்பில் அதற்கேற்றபடி எண்ணைத் திருத்திவிட்டால், கருவிகளை மாற்றாத வரை திரும்பத் தொட வேண்டியதில்லை.

கலவை

இப்போது திரையில் மூன்று நாலு தடங்கள் இருக்கும். குரல், சுருதி, தபேலா அல்லது மிருதங்கம், ஒருவேளை ஹார்மோனியம். முதலில் எல்லாவற்றையும் ஊமையாக்கிவிட்டு, குரலை மட்டும் கேளுங்க.

ஆரம்பத்தில் எடுத்த அந்த ஐந்து விநாடி வெற்றிடம் இப்போதுதான் பயன்படும். அதைத் தேர்ந்தெடுத்து ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’-இல் இரைச்சலின் மாதிரி இதுதான் என்று கணினிக்குக் காட்டுங்க. பிறகு முழுத் தடத்தையும் தேர்ந்தெடுத்து, 6-இலிருந்து 12 டெசிபெல் வரை குறைங்க. ஆசைப்பட்டு 20, 30 என்று போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல ஆகிவிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் பரவாயில்லை, பின்னணி இசை அதை மூடிக்கொள்ளும்.

80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுங்க. மனிதக் குரல் அங்கே இல்லை. லாரி போன அதிர்வும் மைக் தாங்கியைத் தட்டிய சத்தமும்தான் இருக்கும். அடுத்து ‘கம்ப்ரெசர்’. மெதுவாகப் பாடிய சொல்லும் உரக்கப் பாடிய சொல்லும் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகிப் போகாமல் பிடித்து வைக்கும் கருவி இது. 3:1 என்ற விகிதம் போதும். தேவாரத்துக்கு அதுவும் குறைவாக. ஓதுவார் குரல் ஏறி இறங்குவதில்தான் பண்ணின் அழகே இருக்கிறது, அதைத் தட்டையாக்கக் கூடாது.

குரல் தயாரான பிறகு, ஒவ்வொரு வாத்தியமாக ஏற்றுங்க. முழு அமைதியிலிருந்து மெல்ல மெல்லக் கூட்டி, ‘இருக்கிறது’ என்று தெரிந்த இடத்தில் நிறுத்துங்க. குரல் நடுவில், தபேலா சற்று இடப்பக்கம், ஹார்மோனியம் சற்று வலப்பக்கம் என்று பிரித்து வைத்தால் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாது. குரல் இன்னும் மங்கலாக இருந்தால் உடனே குரலைக் கூட்டாதீங்க. 2,000-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸ் வரைதான் சொற்களின் தெளிவு இருக்கிறது. ஹார்மோனியத் தடத்தில் அந்தப் பகுதியை மூன்று டெசிபெல் குறைத்துப் பாருங்க. குரலுக்கு வழி விட்டது போல இருக்கும்.

பாட்டுக்கு நடுவில் விளக்கவுரை பேசுகிறீர்களா? சமயச் சொற்பொழிவுக்கும் ஆலய வரலாற்றுக்கும் இது உதவும். ‘ஆட்டோ டக்’ என்று ஒன்று இருக்கிறது. இசைத் தடத்துக்கு நேர் கீழே பேச்சுத் தடத்தை வைத்து, இசையைத் தேர்ந்தெடுத்து அதை இயக்கினால், பேச்சு வரும்போதெல்லாம் இசை தானாகவே தாழ்ந்து, பேச்சு நின்றதும் எழும்பும். தடங்களின் வரிசை மாறினால் வேலை செய்யாது, அதை மட்டும் கவனிங்க.

எதிரொலியைக் கடைசியில், கை நடுங்கி உப்பு போடுவது போல் போடுங்க. கோயில் மண்டபத்தில் பாடுவது மாதிரி வேண்டும் என்று நிறையப் போட்டுவிட்டு, அதை உண்மையான கோயில் மண்டபத்தில் கூம்பு ஒலிபெருக்கியில் போடும்போது இரண்டு எதிரொலியும் சேர்ந்து ஒரு சொல்லும் விளங்காமல் போன கதை எனக்குத் தெரியும்.

அதனால் முடித்ததும் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் திருப்திப்படாதீங்க. கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் போடுங்க. காரில் போடுங்க. ஸ்டீரியோவை ஒற்றையாக மாற்றிக் கேளுங்க, கோயில் ஒலிபெருக்கிகள் பலவும் ஒற்றைதான். இந்தப் பாட்டை இதற்கு முன் கேட்காத ஒருவரைக் கூப்பிட்டு, முதல் தடவை கேட்டதும் வரிகளைச் சொல்லச் சொல்லுங்க. நமக்குப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும், வார்த்தை விளங்காவிட்டாலும் விளங்குவது போலவே தோன்றும். எங்களைப் பிடித்த கோளாறு அதுதான். தாத்தா ஒருத்தருக்குத்தான் உண்மை கேட்டது.

எது போனாலும் போகக்கூடாதது

ஆடாசிட்டி 3.0 பதிப்பு 2021-இல் வந்ததிலிருந்து, ஒரு பாட்டின் எல்லாத் தடமும் ஒரே கோப்புக்குள் அடங்கிவிடுகிறது. என்னைப் போல் பாதியை விட்டுவிட்டு வர முடியாது. ஆனாலும் அதை மட்டும் நம்பாதீங்க. பதிவு முடிந்த அன்றைக்கே, எந்த மாற்றமும் செய்யாத குரல் தடத்தை ‘வேவ்’ கோப்பாகத் தனியே எடுங்க. 16 பிட் ஒற்றைத் தடமானால் நிமிஷத்துக்கு ஐந்து எம்பிக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். எம்பி3-ஐ ஊருக்குக் கொடுக்க வைத்துக்கொள்ளுங்க. அதில் ஒரு பகுதி சத்தம் நிரந்தரமாகக் கழிக்கப்பட்டுவிடும், திரும்பத் திரும்பச் சேமித்தால் மேலும் கழியும். வேவ் கோப்பு இரண்டு வேறு வீடுகளில் இருக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பென்டிரைவ் என்பது கணக்கில் சேராது.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ‘பாட்டு1’, ‘புதுசு’, ‘புதுசு கடைசி’ என்று வைக்காதீங்க. பாடியவர் பெயர், பாட்டின் முதல் சொல், கட்டை, தேதி, எந்தத் தோட்டத்துக்காரர் என்பது எல்லாம் இருக்கணும். முடிந்தால் பாட ஆரம்பிக்கும் முன் அவரையே சொல்லச் சொல்லிப் பதிந்துவிடுங்க. இந்தச் சிந்தை யாரிடம் கற்றார், எந்தத் திருவிழாவில் பாடுவார்கள் என்று ஒரு நிமிஷம் பேசட்டும். பாட்டைவிட அந்த ஒரு நிமிஷத்தைப் பேரப்பிள்ளைகள் அதிகம் போட்டுக் கேட்பார்கள்.

தடங்கள் தனித்தனியாக இருப்பதால் இன்னொரு பயனும் உண்டு. திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர்கள், ஆசிரியர் குரலோடு ஒரு கோப்பு, குரலை ஊமையாக்கிச் சுருதியும் தாளமும் மட்டும் உள்ள ஒரு கோப்பு என இரண்டு கொடுக்கலாம். முதலாவதைக் கேட்டு மனப்பாடம், இரண்டாவதைப் போட்டுத் தனியாக ஓதிப் பழக்கம். வாரம் ஒரு நாள் வகுப்பு என்றாலும் பிள்ளை வீட்டில் தினமும் சுருதியோடு பாடும்.

தாத்தாவின் பாட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கலந்த பாட்டிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் சில வருஷங்களாகக் கிடைக்கின்றன. ஏழையும் போட்டுப் பார்த்தேன். டிரம்ஸ் நன்றாகவே கழன்றது. ஆனால் கீபோர்டின் வயலின் கூட்டம் அவர் பாடிய அதே சுரங்களில் அவரோடு ஒட்டியே போயிருந்ததால், அதை எடுக்கும்போது குரலிலும் ஒரு துண்டு கூடவே போய்விடுகிறது. நாலு பாட்டில் சொற்கள் விளங்குகின்றன. இரண்டில் அங்கங்கே விட்டு விட்டு. இடி முழக்கம் போட்ட மூன்றாவது பாட்டில் கடைசி இரண்டு அடி கேட்கவே கேட்காது. அந்தச் சிந்து தெரிந்த வேறு யாரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை.

இந்த மாதப் பயிற்சி: உங்க கிளையைச் சேர்ந்த குடும்பங்களில், தோட்டத்தில் பாடிய தாத்தாவோ பாட்டியோ இருக்கிறாரா என்று விசாரிங்க. தாலாட்டு, கும்மி, சிந்து, பஜனை எதுவாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு பாட்டு, மூன்று நிமிஷம், குரல் மட்டும். வேவ் கோப்பாக இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. இசையைப் பற்றி அங்கே உட்கார்ந்து பேசுவோம்.